ஆங்கிலத்தில் பாராட்டுவதும் ஒப்புவதும்

பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒருவர், தம் துறைத் தலைவர் அனுப்பிய திட்ட வரைவைப் படித்துவிட்டு, 'ஐ அப்ரூவ் யுவர் பிளான்' என்று பதில் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். 'உங்கள் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதைத்தான் அவர் சொல்ல நினைத்தார். அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே 'ஒப்புக்கொள், ஏற்றுக்கொள், நன்றென்று கருது' என்றுதான் இருக்கிறது. வாக்கியத்தில் இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் அதைப் படிக்கும் தலைவருக்கு, தமக்குக் கீழே பணிபுரியும் ஒருவர் தம்முடைய கோப்பில் கையெழுத்திட்டு அனுமதி வழங்கிவிட்டதைப் போன்ற உணர்வுதான் ஏற்படும். நல்ல தலைவராக இருந்தால் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

இப்படிப்பட்ட உறுத்தல் தமிழருக்குப் புதிதன்று. 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்று மேடையில் சொல்லிப் பழகியவர்கள் நாம். மாணவர் ஆசிரியரைப் போற்றலாம், அவருடைய புலமையை வியக்கலாம். 'ஆசிரியரை மெச்சினார்' என்று எழுதினால் சற்று இடறுகிறது, ஏனென்றால் மெச்சுவது பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கிச் செய்யும் செயல். ஆங்கிலத்திலும் இதே உயரக் கணக்கு உண்டு. நம் மொழியில் அது வினைமுற்றின் விகுதியிலும் மரியாதைப் பன்மையிலும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அத்தகைய விகுதி இல்லாததால், பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பெரும்பாலும் அவர் தேர்ந்தெடுக்கும் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. அகராதியின் ஒற்றை வரிப் பொருளை மட்டும் நம்புகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் 'அப்ரூவ்' என்பதையே எடுத்துக்கொள்வோம். இதன் வேர் 'சோதித்து நல்லதென்று காண்' என்னும் பொருளுடைய 'ப்ரொபாரே' என்ற லத்தீன் வினை. மெய்ப்பித்தலைக் குறிக்கும் 'ப்ரூவ்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். குற்ற வழக்குச் செய்திகளில் 'அப்ரூவராக மாறினார்' என்று படிக்கிறோமே, அவர் யாரையும் பாராட்டுவதுமில்லை, எதற்கும் அனுமதி தருவதுமில்லை. தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கூட்டாளிகளின் குற்றத்தை மெய்ப்பிக்க முன்வருபவரைப் பழைய ஆங்கிலச் சட்டம் அந்தப் பெயரால் அழைத்தது. சோதித்துப் பார்த்தல் என்ற இந்த அடிப்படைப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்றைய பயன்பாட்டின் இரு கிளைகளும் எளிதில் விளங்கும்.

'அப்ரூவ்' என்பதற்குப் பின் செயப்படுபொருள் நேரடியாக வந்தால், அது அதிகாரம் உள்ளவரின் செயல்: வங்கி கடனை அப்ரூவ் செய்கிறது, குழு வரவு செலவுத் திட்டத்தை அப்ரூவ் செய்கிறது. அங்கே ஒப்புதல் தருபவருக்கு அந்தத் திட்டம் உள்ளூரப் பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இடையில் 'ஆஃப்' என்ற ஒரு சிறு சொல் நுழைந்துவிட்டால், அதிகாரம் விலகி மனப்பாங்கு வந்துவிடுகிறது. மகளின் நண்பர்களைத் தாய் 'அப்ரூவ் ஆஃப்' செய்யவில்லை என்றால், அவர்கள் நல்லவர்கள் என்று அவருக்குப் படவில்லை என்பதே பொருள். தடை விதித்தாரா இல்லையா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. நம்முடைய இளம் ஊழியர் இந்தச் சிறு சொல்லைச் சேர்த்து எழுதியிருந்தால் பிழை பாதி குறைந்திருக்கும். ஆனால் பாதிதான்: 'அப்ரூவ் ஆஃப்' என்பதிலும் நல்லது கெட்டது பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் தொனி இருப்பதால், மூத்தவரிடம் அதையும் தவிர்ப்பதே நலம்.

அதிகாரத்தின் பக்கம் இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. 'சாங்ஷன்' என்பதை அலுவலகங்களில் தினமும் கேட்கிறோம். கடன் சாங்ஷன் ஆனதா, விடுப்பு சாங்ஷன் ஆனதா என்று கேட்காத நாளில்லை. புனிதமாக்குதல், மீற முடியாதபடி நிலைநாட்டுதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல், முதலில் சட்டத்தையும், பிறகு அந்தச் சட்டத்தை மீறினால் கிடைக்கும் தண்டனையையும் குறிக்கத் தொடங்கியது. அதனால்தான் வினையாக வரும்போது பெரும்பாலும் 'அனுமதி வழங்கு' என்ற பொருளைத் தருகிற அதே சொல், பன்மைப் பெயராக வந்து ஒரு நாட்டின்மீது 'சாங்ஷன்ஸ்' விதிக்கப்பட்டன என்னும்போது, பொருளாதாரத் தடை என்ற நேர் எதிர்ப் பொருளைத் தருகிறது. இப்படித் தனக்குத் தானே எதிர்ப்பதமாக நிற்கும் சொற்கள் ஆங்கிலத்தில் வேறு சிலவும் உண்டு.

'எண்டார்ஸ்' என்பதும் ஏறக்குறைய அந்த வகைதான். இதற்குள் லத்தீனில் முதுகைக் குறிக்கும் 'டார்சம்' ஒளிந்திருக்கிறது. காசோலை, உண்டியல் போன்ற ஆவணங்களின் பின்புறத்தில் கையெழுத்திட்டு அவற்றை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதே அதன் முதற்பொருள். ஆவணத்தின் முதுகில் தம் பெயரை எழுதுகிறவர் அதற்குப் பொறுப்பும் ஏற்கிறார். இன்று ஒரு நாளிதழ் ஒரு வேட்பாளரை எண்டார்ஸ் செய்தது என்றாலோ, விளையாட்டு வீரர் ஒருவர் ஒரு காலணியை எண்டார்ஸ் செய்கிறார் என்றாலோ, அந்தப் பழைய கையெழுத்தின் நிழலை அதில் காணலாம்: மனத்துக்குள் பிடித்திருப்பது போதாது, தம் பெயரைப் பலர் அறியப் பணயம் வைத்து ஆதரிக்க வேண்டும். பிரிட்டனிலோ, ஓட்டுநர் உரிமத்தில் 'எண்டார்ஸ்மென்ட்' பதிவாகிவிட்டது என்று யாராவது சொன்னால் வாழ்த்துச் சொல்லிவிடக் கூடாது. அங்கே அது போக்குவரத்துக் குற்றத்துக்கான தண்டனைப் பதிவு.

'ராட்டிஃபை' என்பது ஏற்கெனவே ஒருவர் செய்த ஒப்பந்தத்துக்கு உரிய அவை இறுதி வலிமை தருவது. இதில் கையெழுத்து வேறு, உறுதிப்படுத்தல் வேறு. 1919-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், முதல் உலகப் போருக்குப் பின் உருவான வெர்சாய் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஆனால் அந்நாட்டுச் செனட் அதை ராட்டிஃபை செய்ய மறுத்ததால், அமெரிக்காவைப் பொறுத்தவரை அது நடைமுறைக்கு வரவே இல்லை. 'அசென்ட்', 'கன்சென்ட்' ஆகிய இரண்டும் 'உணர்' என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள். தமக்கு முன் வைக்கப்பட்ட கருத்துக்கோ மசோதாவுக்கோ இசைவு தருவது அசென்ட். தம் உடலையோ உடைமையையோ உரிமையையோ தொடும் ஒன்றைப் பிறர் செய்துகொள்ள இசைவது கன்சென்ட். நோயாளி அறுவை சிகிச்சைக்குத் தருவது பின்னது. பிரிட்டிஷ் அரசர் நாடாளுமன்ற மசோதாவுக்குத் தருவது முன்னது. அந்த இசைவை ஓர் ஆட்சியாளர் கடைசியாக மறுத்தது 1708-இல், ஆன் அரசியின் காலத்தில்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 'கண்டோன்' என்பதை ஒப்புதலின் பட்டியலில் சேர்த்துப் பயன்படுத்துவோரைப் பார்த்திருக்கிறேன். அது அங்கே சேராது. தவறு தவறுதான் என்று தெரிந்தும் கண்டும் காணாமல் விடுவதே கண்டோன். எனவே நல்ல செயல் எதையும் கண்டோன் செய்ய முடியாது. 'வன்முறையை நாங்கள் கண்டோன் செய்யவில்லை' என்ற மறுப்பு வடிவத்தில்தான் அது மிகுதியாக வழங்குகிறது.

இனி, தமிழ் பேசுவோர் அதிகமாக இடறும் இடத்துக்கு வருவோம். 'ஆசிரியர் என்னை அப்ரிஷியேட் பண்ணினார்' என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். எல்லார் முன்னிலையிலும் எழுந்து நிற்கச் சொல்லி ஆசிரியர் பாராட்டினார் என்பது நாம் கருதும் பொருள். தமிழுக்குள் அந்தச் சொல் அப்படி நிலைபெற்றுவிட்டது, அதில் குறையொன்றுமில்லை. அதையே ஆங்கில வாக்கியமாக எழுதி, பிற நாட்டு ஆங்கிலம் அறிந்தவரிடம் காட்டினால், அவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார்: அந்த ஆசிரியர் என் அருமையை அறிந்திருந்தார், என்னை மதித்தார் என்று. வாய் திறந்து ஏதாவது சொன்னாரா என்பது அவருக்குத் தெரியாது. ஏனென்றால் அப்ரிஷியேட் என்பது மனத்துக்குள் நிகழ்வது. வாயால் சொல்லிப் பாராட்டுவதற்கு உரிய சொல் 'பிரெய்ஸ்'.

வியப்பு என்னவென்றால் இவ்விரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'ப்ரெத்தியம்' என்றால் விலை. அதிலிருந்துதான் விலையைக் குறிக்கும் 'பிரைஸ்' வந்தது. விலைமதிப்புள்ள என்ற பொருள் தரும் 'பிரெஷஸ்' வந்தது. 'பிரெய்ஸ்', 'அப்ரிஷியேட்' ஆகிய இரண்டும் வந்தன. ஆண்டுதோறும் அலுவலகங்களில் ஊழியர்களின் வயிற்றைக் கலக்கும் 'அப்ரைசல்' என்பதும் இந்தக் குடும்பத்தோடு உறவுடையதே. அப்ரைஸ் செய்வது மதிப்பைக் கணக்கிடுவது, மதிப்புக் கூடவும் குறையவும் இருக்கலாம். அப்ரிஷியேட் செய்வது உள்ள மதிப்பை உணர்வது. பிரெய்ஸ் செய்வது அந்த மதிப்பை உரக்கச் சொல்வது. தமிழில் 'மதிப்பு' என்ற ஒரே சொல் விலைக்கும் மரியாதைக்கும் பொதுவாக இருப்பதை எண்ணிப் பார்த்தால், இந்த உறவு நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

உள்ள மதிப்பை உணர்வது என்ற இந்த ஒரு கருத்திலிருந்தே அப்ரிஷியேட்டின் மற்றப் பயன்பாடுகள் எல்லாம் கிளைக்கின்றன. இசையை அப்ரிஷியேட் செய்வது என்றால் நுட்பம் அறிந்து ரசிப்பது. நிலம் 'அப்ரிஷியேட்' ஆனது என்றால் அதன் மதிப்பு உயர்ந்துவிட்டது. 'உங்கள் உதவியை அப்ரிஷியேட் செய்கிறேன்' என்றால் அதன் அருமையை உணர்ந்திருக்கிறேன், அதாவது நன்றி. 'உங்கள் சிரமத்தை அப்ரிஷியேட் செய்கிறேன்' என்று ஓர் அதிகாரி எழுதினால் அதில் பாராட்டும் இல்லை, நன்றியும் இல்லை; சிரமம் இருப்பது புரிகிறது என்பது மட்டுமே பொருள், அதற்கு அடுத்த சொல் பெரும்பாலும் 'ஆனால்' என்பதாகத்தான் இருக்கும். வேண்டுகோள் கடிதங்களில் வரும் 'ஐ வுட் அப்ரிஷியேட் இட் இஃப்' என்ற தொடக்கம் பணிவுக்கு உரியது. அதில் 'இட்' என்ற சொல்லை விட்டுவிடுவது நம்மிடையே அடிக்கடி காணும் வழு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வழக்கமான எழுத்து ஆங்கிலத்தில் ஒருவரின் செயலையோ பண்பையோதான் அப்ரிஷியேட் செய்வார்கள். 'அவரை அவருடைய உழைப்புக்காக அப்ரிஷியேட் செய்தார்கள்' என்ற அமைப்பு 'பிரெய்ஸ்' என்பதற்கு உரியது. பிரெய்ஸ் என்றால்தான் ஆளும் வரலாம், 'ஃபார்' சேர்த்துக் காரணமும் வரலாம்.

பிரெய்ஸ் என்பது பரந்த சொல். கடவுளையும் புகழலாம், குழந்தையையும் புகழலாம், மறைந்தவரையும் புகழலாம். எதிரில் இல்லாதவரையும் புகழலாம். 'காம்ப்ளிமென்ட்' அப்படியன்று. அது ஒருவருக்கு நேரே, முகத்தைப் பார்த்து, நாகரிகம் கருதிச் சொல்லும் சிறிய நல்வார்த்தை. கடவுளுக்கு யாரும் காம்ப்ளிமென்ட் கொடுப்பதில்லை. 'இந்த நிறம் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது', 'உங்கள் கையெழுத்து அழகு' போன்றவை காம்ப்ளிமென்ட். அறிவியலில் ஒருவர் ஆற்றிய வாழ்நாள் பணியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு அதைக் காம்ப்ளிமென்ட் என்று குறிப்பிட்டால் பணியும் சுருங்கும், பேச்சும் சுருங்கும். எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு: காம்ப்ளிமென்ட்டை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம்; பிரெய்ஸ் பொதுவாக எண்ண முடியாத பெயர்ச்சொல்.

எழுத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நடுவில் 'ஐ' என்ற எழுத்து வந்தால் நல்வார்த்தை. அந்த இடத்தில் 'ஈ' என்ற எழுத்து வந்தால் ஒன்றை நிறைவுசெய்யும் மற்றொன்று. உச்சரிப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, தமிழில் எழுதினாலோ வேறுபாடே தெரியாது. இரண்டும் 'நிரப்பு' என்ற ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. மரியாதைக்குச் செய்ய வேண்டியதை நிறைவாகச் செய்தல் என்ற பொருளில் ஸ்பானிய, இத்தாலிய மொழிகள் வழியாகச் சுற்றிவந்ததுதான் நல்வார்த்தையாயிற்று. மரியாதை நிமித்தம் இலவசமாகத் தரும் நூற்படியை 'காம்ப்ளிமென்டரி' படி என்பதும் இதனால்தான்.

காம்ப்ளிமென்ட்டில் உண்மை குறைந்து ஆதாயம் தலைதூக்கினால் அது 'ஃபிளாட்டரி', அதாவது முகஸ்துதி. நாம் வஞ்சப்புகழ்ச்சி என்று அணியிலக்கணத்தில் படித்ததற்கு நெருங்கிய உறவாக, புகழ்வது போல் குத்தும் 'பேக்ஹேண்டட் காம்ப்ளிமென்ட்' என்ற வழக்கும் ஆங்கிலத்தில் உண்டு: 'உங்கள் வயதுக்கு நன்றாகத்தான் ஓடுகிறீர்கள்' என்பது போல. ஆனால் 'ஐ ஆம் ஃபிளாட்டர்ட்' என்று ஒருவர் சொன்னால், நம்மை முகஸ்துதிக்காரர் என்று அவர் குற்றம் சாட்டவில்லை. இந்த மதிப்புக்கு நான் உரியவனா என்று மகிழ்ந்து கூசுகிறார், அவ்வளவே.

'கமெண்ட்' என்று எழுதும்போது தமிழ் எழுத்து நம்மைக் கைவிடுகிறது. கருத்துரையைக் குறிக்கும் சொல்லும், பாராட்டைக் குறிக்கும் சொல்லும் நம் எழுத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஆங்கிலத்தில் முன்னது 'ட்' என்ற வல்லோசையில் முடிந்து முதல் அசையில் அழுத்தம் பெறுகிறது, பின்னது மெல்லிய 'ட்' ஓசையில் முடிந்து இரண்டாம் அசையில் அழுத்தம் பெறுகிறது. பாராட்டைக் குறிக்கும் இந்தப் பின்னதன் முதற்பொருள் 'கையில் ஒப்படை' என்பது. சிலுவையில் இயேசு இறுதியாகச் சொன்னதாக லூக்கா எழுதிய வாக்கியத்தில், 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இந்த வினையைத்தான் வைத்திருக்கிறது. தமிழ் விவிலியத்தில் அது 'ஒப்புவிக்கிறேன்' என்று இருக்கிறது. 'இவரை நம்பலாம்' என்று ஒருவரை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது பரிந்துரை ஆயிற்று, பரிந்துரை நற்சான்று ஆயிற்று. எனவே இன்றும் இது நற்சான்று தரும் தகுதியுள்ளவர் வாயிலிருந்து வரும் சொல்: ஆணையர் காவலரைக் கமெண்ட் செய்வார், காவலர் ஆணையரைச் செய்யமாட்டார். போட்டிகளில் 'ஹைலி கமெண்டட்' என்று அறிவித்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். பரிசுக்கு அருகில் வந்தீர்கள், பரிசு வேறொருவருக்கு என்று பொருள்.

'அப்ளாட்' என்றால் கைதட்டுவது. அதிலிருந்து, ஒரு துணிவான முடிவை மனமாரப் பாராட்டுவதும் ஆயிற்று. இதன் உறவுச்சொல் ஒன்று எதிர்பாராதது: வெடிப்பைக் குறிக்கும் 'எக்ஸ்ப்ளோட்'. பழைய ரோமானிய அரங்குகளில் மோசமான நடிகரைக் கைதட்டிக் கூச்சலிட்டே மேடையிலிருந்து விரட்டுவதைக் குறித்த வினையிலிருந்து அது வந்தது. கைதட்டலுக்கு இரண்டு முகங்கள் இருப்பது அன்றே தெரிந்திருக்கிறது. 'அக்ளெயிம்' என்பதன் வேர் கூவுதல். கூவுவதற்குக் கூட்டம் வேண்டும் என்பதால், தனியொருவர் 'நான் அக்ளெயிம் செய்கிறேன்' என்று எழுதினால் பொருந்தாது. புகழ்தலைக் குறிக்கும் 'லாட்' செய்தித் தலைப்புகளுக்கு ஏற்ற குட்டைச் சொல். பேச்சில் வந்தால் செயற்கையாக ஒலிக்கும். 'யூலஜி' கிரேக்கத்தில் நற்சொல் என்ற அளவில்தான் பொருள்படும், ஆனால் இன்று அது பெரும்பாலும் இறுதிச் சடங்கில் நிகழ்த்தும் புகழுரை. பணி ஓய்வு விழாவில் உயிரோடு அமர்ந்திருப்பவருக்கு யூலஜி வாசிப்பதாக அறிவித்துவிடாதீர்கள்.

'கங்கிராஜுலேட்' என்பதில் நமக்கு வேறொரு சிக்கல். தேர்வுக்குப் போகிறவருக்கும் வாழ்த்துகள் என்கிறோம், தேர்ச்சி பெற்றவருக்கும் வாழ்த்துகள் என்கிறோம். ஆங்கிலத்தில் தேர்வுக்கு முன்னால் 'பெஸ்ட் விஷஸ்', முடிவு வந்த பின்னால்தான் 'கங்கிராஜுலேஷன்ஸ்', அதுவும் எப்போதும் பன்மையில். நடந்து முடிந்த ஒரு நற்பேற்றுக்கோ சாதனைக்கோ மட்டுமே அது பொருந்தும். ஒருவரின் நேர்மைக்காகவோ அழகுக்காகவோ அவரைக் கங்கிராஜுலேட் செய்தால் விந்தையாக இருக்கும்.

கீழிருந்து மேல்நோக்கிச் சொல்லத் தகுந்த சொல் எது என்று நம் இளம் ஊழியர் கேட்டால், 'அட்மையர்' என்பேன். இதன் வேர் வியத்தல்; அற்புதத்தைக் குறிக்கும் 'மிராக்கிள்' இதன் உடன்பிறப்பு. வியப்பவர் தம்மை உயரத்தில் வைத்துக்கொள்வதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை, ஆகவே தலைவரின் துணிவையோ தெளிவையோ அட்மையர் செய்வதாக எழுதினால் யாருக்கும் உறுத்தாது. ஒரு திட்ட வரைவுக்கு வியப்பு சற்று மிகை என்று பட்டால், 'ஐ லைக் யுவர் பிளான் வெரி மச்' என்ற எளிய வாக்கியமே போதும்.

அவர் சுருக்கமாக 'ஓகே' என்று மட்டும் பதில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எஞ்சுகிறது. 1839-இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்றில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதிச் சுருக்கிய வேடிக்கையாக அச்சேறிய இந்த இரண்டெழுத்து, இன்று உலகெங்கும் வழங்குகிறது. 'இந்தக் கோப்பை அனுப்பலாமா?' என்று கேட்டவருக்கு ஓகே என்றால் அது குறைவில்லாத, முழுமையான அனுமதி. 'என் பேச்சு எப்படி இருந்தது?' என்று கேட்டவருக்கு 'இட் வாஸ் ஓகே' என்றால், அவர் அடுத்த கேள்வி கேட்காமல் எழுந்து போய்விடுவார்.